225 + 35 = 260: விடுப்பு எந்தக் கணக்கில்?

ஐ.டி. ஆலோசனை நிறுவனங்களில் வேலை பார்க்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: 35 நாள் பெஞ்ச் என்கிறார்களே, நான் எடுத்த லீவும் அதில் சேருமா?

ஊழியரின் வேலைக்கு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது பில்லிங்; அப்படிப் புராஜெக்ட் எதுவும் இல்லாமல் சம்பளத்துடன் காத்திருப்பது பெஞ்ச். நேரே கணக்குக்கு வருவோம்.

டி.சி.எஸ். நிறுவனத்தில் 2025 ஜூன் 12 முதல் அமலான விதி இது: 12 மாதங்களில் ஒருவர் குறைந்தது 225 வேலைநாள் பில் ஆக வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சம்பளம், பதவி உயர்வு, கடைசியில் வேலையே பாதிக்கப்படலாம்.

இப்போது காலண்டரை எடுங்கள். 52 வாரம், வாரத்துக்கு 5 நாள்: 260. மேலே சொன்ன 225-ஐயும் 35-ஐயும் கூட்டினாலும் அதே 260. ஆண்டு மொத்தத்தையும் இரண்டே பெட்டியில் போட்டு மூடியாயிற்று. பொங்கல், காய்ச்சல், அக்கா மகள் காதுகுத்து இதெல்லாம் எந்தப் பெட்டியில்?

சட்டம் என்ன தருகிறது? தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி தேசிய விடுமுறை 4, பண்டிகை விடுமுறை 5. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள். உடம்புக்கு முடியாவிட்டால் 12. தற்செயல் விடுப்பு 12. தேசிய, பண்டிகை விடுமுறை எதுவும் சனி, ஞாயிறில் வராவிட்டால் மொத்தம் 45. அத்தனையும் எடுத்தவருக்கு மிச்சம் 215 நாள். வேலை பார்த்த நாளுக்கு மட்டும் வாடிக்கையாளர் பணம் தரும் ஒப்பந்தத்தில், இவர் பெஞ்சில் ஒருநாள்கூட உட்காராமலே 225-ஐத் தொட முடியாது. விடுப்பு நாளை நிறுவனம் 225-க்குள் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். சேர்க்கிறார்களா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

இன்னொரு ஓட்டை 'ஷேடோ'. ஷேடோவாகப் போடப்பட்டவர் புராஜெக்டில் இருப்பார், ராத்திரி கால் எடுப்பார், டெட்லைனுக்கு ஓடுவார். வாடிக்கையாளருக்குப் போகும் பில்லில் மட்டும் பெயர் இருக்காது; அதனால் அந்த நாள் பில் ஆன நாளாகாது. மேனேஜருக்குச் செலவில்லாமல் ஒரு கை கூடுதல்.

எனக்கு உறுத்துவது இதுதான். வேலை பிடித்து வருவது விற்பனைப் பிரிவு. ஆளைப் புராஜெக்டுக்கு ஒதுக்குவது ஆர்.எம்.ஜி. என்ற ஆள் ஒதுக்கீட்டுப் பிரிவு. பட்ஜெட்டை வெட்டுவது கடல் கடந்த வாடிக்கையாளர். மூவரில் யார் சறுக்கினாலும் நாள் ஏறுவது ஊழியரின் பெயரில். தொழிலின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்குத்தான் பெஞ்ச் என்று ஒன்று வைத்தார்கள். இப்போது அதையே ஊழியரின் குறையாக எழுதுகிறார்கள்.

விதி வந்த மறுமாதமே, 6.13 லட்சம் பேரில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக டி.சி.எஸ். அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாததும் பணியில் அமர்த்த முடியாததுமே காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். 'அமர்த்த முடியாதது' என்பதில் எழுவாய் யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக:

பெஞ்சில் இருக்கும்போது வீட்டிலிருந்து வேலை? டி.சி.எஸ். விதிப்படி கிடையாது; அலுவலகம் வந்து நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி.

ராஜினாமா எழுதித் தரச் சொன்னால்? தந்துவிட்டால், பணியாண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்பது கடினம்.

வேலையை விட்டு வெளியேறினால் கடைசிச் சம்பள பாக்கி? 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டப்படி 2 வேலைநாளுக்குள்.

சங்கம் சேரலாமா? தடையில்லை என்று தமிழக அரசு 2016-இலேயே சொல்லிவிட்டது.

பதவிப் பெயரில் 'மேனேஜர்' இருந்தால் தொழிலாளர் சட்டம் பொருந்தாதா? நீதிமன்றம் பார்ப்பது செய்த வேலையை. 2015-இல் நீக்கப்பட்ட ஓர் ஊழியர் மேலாளர் நிலையில் இருந்தவர் என்று டி.சி.எஸ். வாதிட்டது. சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு வந்தது 2022-இல்.