நோய்க்கு மசியாத தென்னை!

சாத்தூர் அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோவில். ஆடி மாதம் வந்துவிட்டால் ஊர் கொள்ளாத கூட்டம்! அர்ச்சனைத் தட்டில் வேறு என்ன இருந்தாலும், தேங்காய் இல்லாமல் இராது.

அந்தத் தேங்காய்க்கு ஒரு பகைவன் இருக்கிறான். அவன் பெயர் வேர் வாடல் நோய்.

வெள்ளத்துக்குப் பின் வந்த வினை

1882-ம் ஆண்டு கேரளத்தில் பெருவெள்ளம். அது வடிந்த பிறகு, ஈராட்டுப்பேட்டைப் பக்கம் தென்னைகள் வாடத் தொடங்கின. ஓலைகள் விலா எலும்பு போல உள்நோக்கி வளைந்தன. மஞ்சளாகி ஓரம் கருகின. மரம் உடனே சாவதில்லை. ஆனால் காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

காரணம் என்ன என்று பல்லாண்டுகள் தேடினார்கள். 1980-களில்தான் பிடிபட்டது. பைட்டோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய உயிரி! கண்ணாடி இறக்கைப் பூச்சியும், தத்துப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன. நோயைத் தீர்க்க மருந்து இல்லை.

மலையைத் தாண்டிய அந்த நோய் கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோவை மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. ராஜபாளையம், வத்திராயிருப்புத் தோப்புகளும் அதே மலையின் அடிவாரத்தில்தான் இருக்கின்றன.

தப்பிய மரங்கள்

வழி கிடைத்தது எப்படி? நோய் பிடித்த தோப்புகளிலும் சில மரங்கள் பச்சைப் பசேல் என்று நின்றன. காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அவற்றைத் தேடிப் பிடித்தனர், சோதித்தனர், அவற்றின் நெற்றுகளிலிருந்து கன்றுகள் வளர்த்தனர்.

சாவக்காடு பச்சைக் குட்டையிலிருந்து 'கல்பஸ்ரீ' பிறந்தது. மலேயா பச்சைக் குட்டையிலிருந்து 'கல்பரக்ஷா' வந்தது. சாவக்காடு குட்டையையும் மேற்குக் கடற்கரை நெட்டையையும் இணைத்து 'கல்ப சங்கரா' உண்டாக்கினார்கள்.

ஐரோப்பாவில் எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை அழித்தபோது, ஹாலந்து நாட்டினரும் நோயைத் தாங்கிய மரத்தைத் தேடித்தான் பெருக்கினார்கள்.

கன்று வாங்கும்போது கவனம்!

இந்த ரகங்களுக்கு நோய் அறவே வராது என்பதல்ல. எதிர்த்து நிற்கும் சக்தி அதிகம். நோய் முற்றிக் காய்ப்பு நின்ற மரத்தை வெட்டி அகற்ற வேண்டும். கன்றை நம்பகமான அரசுப் பண்ணையில் வாங்க வேண்டும். தவறான கன்று என்று தெரிவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும்.

"தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான்" என்பது பழமொழி. அது பொய்க்காமல் இருப்பது, இன்று நாம் நடும் கன்றில்தான் இருக்கிறது!