காலியாக வரும் அட்டவணை, ‘எல்லாம் சரி’ என்னும் சர்வர்

விக்கித்தரவு முழுவதையும் ஒரே இடத்தில் வினவ உதவும் பழைய முகவரிக்கு 2025 டிசம்பர் வரைதான் ஆயுள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. வாசகர் கடிதங்கள் இப்போதுதான் குவிகின்றன. “எங்கள் கல்லூரி விக்கியில் பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் 2025 மே மாதத்திலிருந்து காலி. எர்ரர் எதுவும் வரவில்லை. நாங்கள் எதையும் தொடவும் இல்லை” என்கிறார் ஒரு நூலகர். இன்னொருவருக்குப் பட்டியல் வருகிறது, ஆனால் இளைத்து வருகிறது. மூன்றாமவருக்குக் கட்டுரைத் தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் கியூ எண் (விக்கித்தரவு உருப்படியின் அடையாள எண்) உட்கார்ந்திருக்கிறது. மூவருமே சந்தேகிப்பது தங்கள் விக்கிக்கு வெளித்தரவை இழுத்துவரும் எக்ஸ்டர்னல் டேட்டா நீட்சியை. அதன் மேல் தவறில்லை.

நீட்சியை நிறுவுவது, வினவல் எழுதுவது எல்லாம் தெரிந்தவர்கள்தான் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு.

விக்கித்தரவு வினவல் சேவை 2015 முதல் பிளேஸ்கிராஃப் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகிறது. அந்த மென்பொருளை உருவாக்கிய குழுவில் பலர் அமேசானுக்குப் போய்விட்டார்கள். பராமரிக்க ஆளில்லாமல் அது பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. தரவோ வளர்ந்துகொண்டே போனது. விக்கித்தரவில் இன்று 11 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள். அதில் ஏறத்தாழ 4 கோடி ஆய்வுக் கட்டுரைகள் பற்றியவை. ஆனால் வினவல் சேவையின் கிடங்கில் இருக்கும் கூற்றுகளை எண்ணினால் அந்தக் கட்டுரைகளே கிட்டத்தட்ட பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு கட்டுரை எத்தனை கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறதோ அத்தனை கூற்றுகள் அதன் கணக்கில் ஏறுமல்லவா? கிடங்கைப் புதிதாக நிரப்ப வேண்டி வந்தால் வாரக்கணக்கில் ஆகும், அதுவும் நடுவே முறிந்துபோகாமல் இருந்தால். அதனால் விக்கிமீடியா அறக்கட்டளை கிடங்கை இரண்டாக வெட்டியது. ஆய்வுக் கட்டுரைகள் ஒரு சர்வரில், மற்றதெல்லாம் இன்னொன்றில். 2025 மே மாதம் வழக்கமான முகவரி, அதாவது ‘கியூரி டாட் விக்கிடேட்டா டாட் ஆர்க்’, சத்தமில்லாமல் அந்த ‘மற்றதெல்லாம்’ பாதிக்கு மட்டும் வாசலாகிவிட்டது. கட்டுரைகளுக்கு ‘கியூரி-ஸ்காலர்லி’ என்று தொடங்கும் தனி முகவரி. மாறிக்கொள்ள அவகாசம் வேண்டுமென்பவர்களுக்கு ‘கியூரி-லெகசி-ஃபுல்’ என்ற பழைய முழுக் கிடங்கு கொஞ்ச காலம் திறந்திருந்தது. 2025 டிசம்பர் கெடு விதிக்கப்பட்டது இதற்குத்தான்.

வெட்டியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டாமல் விட்டிருந்தால் ஒருநாள் மொத்தமும் படுத்திருக்கும். பெரும்பாலான வினவல்களுக்கு மாற்றமே தேவைப்படாது என்று அறக்கட்டளை சொன்னதும் கணக்குப்படி உண்மையாகவே இருக்கலாம். என் உறுத்தல் வேறு. மாற்றம் தேவைப்படுகிற வினவல், தனக்கு மாற்றம் தேவை என்பதை யாரிடமும் சொல்லாது.

நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமனையே எடுத்துக்கொள்வோம். அவர் திருச்சியில் பிறந்தது, 1930இல் நோபல் வாங்கியது எல்லாம் ராமன் என்ற மனிதரின் உருப்படியில் இருக்கின்றன. மனிதர் அந்த ‘மற்றதெல்லாம்’ பாதியிலேயே, அதாவது முதன்மைக் கிடங்கிலேயே இருக்கிறார். கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து அவர் 1928 மார்ச் 31ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை என்றால், அது கட்டுரை வகை உருப்படி, ஆகவே மறு கிடங்குக்குரியது. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘இந்தக் கட்டுரையை எழுதியவர் ராமன்’ என்ற கூற்று ராமனின் பக்கத்தில் எழுதப்படுவதில்லை, கட்டுரையின் பக்கத்தில்தான் எழுதப்படும். கட்டுரை இடம்பெயர்ந்தபோது அந்த உறவும் கூடவே போய்விட்டது. ராமன் இருக்கிறார், அவர் எழுதியவர் என்பதற்கான சுவடு மட்டும் இல்லை.

இப்போது உங்கள் விக்கி போய், ‘ராமன் எழுதிய கட்டுரைகளைக் கொடு’ என்று கேட்கிறது. முதன்மைக் கிடங்கு தேடுகிறது, தன்னிடம் ஒன்றுமில்லை என்று காண்கிறது, பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நிலைக் குறியீடு 200, அதாவது வெற்றி. உள்ளே ஜேசன் வடிவத்தில் ‘ரிசல்ட்ஸ்’, அதற்குள் ‘பைண்டிங்ஸ்’, அதற்குள் ஒரு சதுர அடைப்புக்குறி திறந்து உடனே மூடியிருக்கும். இலக்கண சுத்தமான, பிழையில்லாத வெறுமை. நீட்சி அதை வாங்கி, பூஜ்யம் வரிசைகளுக்குப் பூஜ்யம் முறை சுழன்று, வேலை முடிந்தது என்று திரும்பிவிடும். பக்கத்தில் அட்டவணையின் தலைப்பு வரிசை மட்டும் நிற்கும்: தலைப்பு, இதழ், ஆண்டு. கீழே ஒன்றுமில்லை.

தாலுகா இரண்டாகப் பிரிந்தபின் பழைய அலுவலகத்துக்குப் போய்ப் பட்டா கேட்டால், “அந்தக் கிராமம் இப்போது புதுத் தாலுகாவில் இருக்கிறது” என்று சொல்லி அனுப்புவார்கள். இங்கே கிடைக்கும் பதில், “அப்படியொரு நிலமே கிடையாது, மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்.”

முழுக்கக் காலியாக வந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது கவனிப்பார்கள். அந்த நூலகர் கவனித்தார். பாதி வரும்போதுதான் ஆபத்து. ‘இந்தப் பேராசிரியர் எழுதியவை அனைத்தும்’ என்று கேட்கும் வினவலில் நூல்களும் உண்டு, கட்டுரைகளும் உண்டு. நூல்கள் முதன்மைக் கிடங்கில் இருப்பதால் வந்துவிடும். அட்டவணை நிறைந்துதான் தெரியும். எண்பது கட்டுரை எழுதியவர் இரண்டு நூல்களோடு நிற்பார். பார்க்கிறவர் ‘இவ்வளவுதான் போலிருக்கிறது’ என்று கடந்துவிடுவார். எண்ணிக்கை கேட்கும் வினவல் என்றால் நிலைமை இன்னும் மோசம். ‘கட்டுரைகள்: 0’ என்று தெளிவாக அச்சிட்டுக் கொடுக்கும். பூஜ்யம் என்பது காலியிடம் இல்லை, அது ஒரு தகவல். அந்த எண்ணை யாரோ ஓர் ஆண்டறிக்கையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

இதையும் தாண்டி ஒரு வகை உண்டு, என்னைத் தூங்கவிடாதது அதுதான். ‘எது இல்லை’ என்று கேட்கும் வினவல்கள். ‘விக்கித்தரவில் ஒரு கட்டுரைகூட இணைக்கப்படாத தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் யார்?’ என்று தன்னார்வலர்கள் பட்டியல் எடுத்து, விடுபட்டவர்களுக்குத் தரவு சேர்ப்பது வழக்கம். அந்த வினவலை இன்று வழக்கமான முகவரியில் ஓட்டினால் பட்டியல் காலியாக வராது. பொங்கி வரும். கட்டுரை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாக வந்து நிற்பார்கள், ஏனென்றால் அந்தக் கிடங்கின் கண்ணுக்கு யாருக்குமே கட்டுரை இல்லை. ‘என்னிடம் இல்லை’ என்பதும் ‘உலகத்தில் இல்லை’ என்பதும் இந்த வினவல் மொழிக்கு ஒன்றுதான். கிடங்கு முழுதாக இருந்தவரை அந்த வேறுபாடு பெரிதாகக் கடிக்கவில்லை. வெட்டிய மறுநாளே கடிக்கிறது. காலி அட்டவணையைப் பார்த்துக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். பொங்கிய பட்டியலைப் பார்த்து ஒருவரும் எழுதவில்லை. நிறைய வந்தால் சந்தோஷப்படுகிறோம்.

கியூ எண் தெரிகிறது என்றவருக்கும் நோய்மூலம் இதுவே. முதன்மைக் கிடங்கில் உள்ள ஓர் உருப்படி, ஏதோ ஒரு கட்டுரையைச் சுட்டிக்காட்டலாம். சுட்டும் எண் இங்கே இருக்கும், ஆனால் அந்த எண்ணுக்குரிய பெயர் கட்டுரையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பெயர் தேடும் வசதிக்குப் பெயர் கிடைக்காவிட்டால் எண்ணையே நீட்டிவிடும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் விக்கியை விட்டு வெளியே வாருங்கள். வினவலை எடுத்து உலாவியில் முதன்மை முகவரியிலும், விக்கித்தரவு முழுதாக உள்ள ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் கியூலெவர் சேவையிலும் ஓட்டுங்கள்; லெகசி திறந்திருந்தவரை ஒப்பிட அதுவே உதவியது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்தால் கோளாறு உங்கள் விக்கியில்தான், கேச், முகவரி, உரிமை என்று அங்கே தேடலாம். கியூலெவரில் நிறைய, முதன்மையில் குறைவு என்றால் (‘எது இல்லை’ என்னும் வினவலுக்கு இது தலைகீழ்) பிளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 

லெகசி திறந்திருந்தபோது டிசம்பர் கெடு முக்கியமாக இருந்ததும் இதனால்தான். பலர் லெகசி முகவரியை ஒதுங்கும் இடமாகப் பயன்படுத்தினார்கள். விக்கியில் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, அட்டவணை திரும்பி வந்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அதை அளவுகோலாகப் பயன்படுத்தியிருப்பதே புத்திசாலித்தனம். அது மூடிய பிறகு, நீங்கள் திருத்தி எழுதிய வினவல் சரியான எண்ணிக்கையைத் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க விக்கித்தரவுச் சேவையில் எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் விக்கியில் வெளித்தரவு வரும் ஒவ்வொரு பக்கத்தின் வினவலையும் லெகசியில் ஓட்டி, முடிவை அப்போதே கோப்பாக இறக்கி வைத்திருந்தால், அதோடு ஒப்பிடுங்கள்.  

திருத்தும் வழிக்கு ஃபெடரேஷன் என்று பெயர். அதிகாரபூர்வ விளக்கப்படி, ஒரே வினவலால் இரண்டு கிடங்குகளையும் பார்க்கும் வசதி. நடைமுறையில், ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் நடந்து போய்க் கேட்டு வாங்கிவருவது. எப்போது போக வேண்டும், எதைக் கையில் எடுத்துப்போக வேண்டும் என்று யோசிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். வினவலுக்குள் ‘சர்வீஸ்’ என்ற கட்டளை போட்டு, கட்டுரை சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் அதன் அடைப்புக்குள் நகர்த்த வேண்டும். கட்டுரைத் தலைப்பைக் கேட்கும் வரியும் அதே அடைப்புக்குள் போக வேண்டும். ஆசிரியரின் பெயரைக் கேட்கும் வரி வெளியே நிற்க வேண்டும். பலர் தலைப்பை வெளியே விட்டுவிட்டு, ‘ஃபெடரேஷன் போட்டும் கியூ எண்தான் வருகிறது’ என்கிறார்கள்.

கால வரம்பும் மாறவில்லை. இரண்டு சர்வர்களும் சேர்ந்து 60 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முன்பு 40 விநாடியில் முடிந்த வினவல், நடையும் சேர்ந்துகொண்டால் வரம்பைத் தாண்டலாம். ஆட்களின் பட்டியலை முதலில் சுருக்கிக்கொண்டு, அந்தச் சிலரை மட்டும் கொண்டுபோய் மறுபக்கம் கேட்டால் பிழைக்கலாம். எல்லாக் கட்டுரைகளையும் வரவழைத்துவிட்டு இங்கே உட்கார்ந்து பொறுக்கினால் பிழைக்க முடியாது. இன்னொரு பொறி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மீடியாவிக்கி வெளியே கேட்கும் கோரிக்கைகளுக்கு இயல்பாக 25 விநாடிதான் காத்திருக்கும். அந்தப் பக்கம் 60 விநாடி அனுமதி இருந்தாலும் உங்கள் விக்கி பாதியிலேயே போனை வைத்துவிடும். உலாவியில் ஓடுவது விக்கியில் ஓடாததற்கு இதுதான் முதல் சந்தேகநபர்.

கடிதங்களில் மிச்சமிருந்த கேள்விகள்:

தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டிகள் காலியாகுமா? ஆகாது. அவை வினவல் சேவை வழியாகப் போவதில்லை, விக்கித்தரவிலிருந்து நேரடியாக எடுக்கின்றன. வினவலை நம்பிப் பட்டியல் எழுதும் லிஸ்டீரியா போன்ற பாட்களைத்தான் கண்காணிக்க வேண்டும்.

திருத்திய பிறகும் பழைய காலி அட்டவணையே தெரிகிறது? பக்கத்தின் கேச், அதற்குக் கீழே நீட்சியின் கேச், இரண்டையும் காலி செய்யுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

403 அல்லது 429 வருகிறது? இது பிளவு அல்ல. முன்னது, உங்கள் விக்கி யாரென்று சொல்லாமல் கதவைத் தட்டுகிறது. யூசர் ஏஜென்டில் பெயரும் தொடர்பு முகவரியும் கொடுங்கள். பின்னது, அளவுக்கு மீறித் தட்டுகிறது.

‘ஜேசன் படிக்க முடியவில்லை’ என்கிறது? முகவரியில் வடிவத்தைக் குறிப்பிடாவிட்டால் எக்ஸ்எம்எல்தான் வரும்.

ஆட்களின் பெயருக்கும் கியூ எண் வருகிறதே? 2024இல் எல்லா மொழிக்கும் பொதுவான ‘மல்’ என்ற பெயர்ப் புலம் வந்தது. வினவலில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதியிருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

மே மாதத்துக்கு முன்பும் பாதிக் கட்டுரைகள்தான் வந்தன? ஆசிரியர் உருப்படியாக இணைக்கப்படாமல் வெறும் பெயர் எழுத்துகளாகப் பதிவாகியிருக்கும். அதை இணைக்கக் கைவேலைதான்.

ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் கியூலெவர் சேவைக்கு மாறிவிடலாமா? விக்கித்தரவு முழுதாக அங்கே உண்டு, வேகமும் உண்டு. விக்கித்தரவுச் சேவைக்கே உரிய சில வசதிகள் அங்கே அப்படியே ஓடாது, ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுங்கள்.