பந்தயம் இல்லை, பரிசு இல்லை. ஆனால் 600 கிலோ மீட்டர்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் கிளப்காரர்கள்
(நமது நிருபர்)

சென்னை:
ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4½ மணி. ஊர் அடங்கிக் கிடக்கிறது. திருவான்மியூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மினுக்குகின்றன. கல்யாண ஊர்வலமா? இல்லை. சைக்கிள் கிளப்காரர்கள்!

சென்னையில் இப்போது இப்படிப் பல குழுக்கள் உண்டு. பேங்க் ஊழியர், டாக்டர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், கடைக்காரர், காலேஜ் மாணவி என்று எல்லாத் தரப்பும் இதில் இருக்கிறார்கள். 20 வயதும் உண்டு, 60 வயதும் உண்டு.

முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று போகிறார்கள். வழியில் இட்லி, வடை, காபி. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பி விடுகிறார்கள்.

கடைசி ஆள்தான் முக்கியம்

முன்னால் போகிறவர் கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டுவார். "பள்ளம்!" என்று ஒரு குரல். அது வாய்க்கு வாய் தாவிக் கடைசி ஆள் வரை போய்ச் சேரும்.

ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் கூட வருகிறவர்களும் நிற்பார்கள். மாற்று டியூபும் கைப் பம்பும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும். 10 நிமிடத்தில் வண்டி ரெடி! புதிதாகச் சேர்ந்தவர் பின்தங்கினால் அனுபவசாலி ஒருவர் அவருக்குப் பின்னாலேயே மெதுவாக வருவார். யாரையும் நடு ரோட்டில் விட்டு விட்டுப் போகக் கூடாது என்பதுதான் எழுதாத சட்டம்.

200, 300, 400, 600!

இதிலே ருசி கண்டவர்கள் அடுத்த படிக்குப் போகிறார்கள். அதற்குப் பெயர் "பிரவே". பிரெஞ்சுச் சொல். 1904ல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பாரிஸ் கிளப்பின் விதிப்படி உலகம் முழுவதும் நடக்கிறது. நம் ஊரிலும் நடக்கிறது.

200 கிலோ மீட்டருக்கு 13½ மணி நேரம். 300க்கு 20 மணி. 400க்கு 27 மணி. 600க்கு 40 மணி நேரம் கெடு. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

600 கிலோ மீட்டர் என்றால் கிட்டத்தட்ட சென்னையில் இருந்து திருநெல்வேலி! சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்குள் முடித்தாக வேண்டும். திங்கட்கிழமை வழக்கம்போல ஆபீஸ்!

கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். குறிப்பிட்ட ஊர்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். சில இடங்களில் கடை ரசீதே சாட்சி. கூடவே காரில் ஆள் வைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. பசித்தால் டீக்கடை, தூக்கம் வந்தால் பஸ் நிறுத்தத்து பெஞ்சு.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒன்றுதான். மெடல் வேண்டுமா? காசு கொடுத்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்!

பத்திரிகை நடத்திய ஓட்டம்

இந்த நான்கையும் முடித்தவர்கள் கண் வைப்பது பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் பயணத்தின் மேல். 1,200 கிலோ மீட்டர், 90 மணி நேரம். 1891ல் இதைத் தொடங்கி வைத்தது ஒரு பத்திரிகை! அப்போது அது பந்தயம். சார்லஸ் டெர்ரோன் என்பவர் தூங்காமல் ஓட்டி, 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார்.

இப்போது 4 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. இந்தியாவில் இருந்தும் நூற்றுக்கணக்கில் போகிறார்கள். 2019ல் எதிர்க்காற்றும் இரவுக் குளிரும் நம்மவர்களில் பெரும்பாலோரை மடக்கிவிட்டன. அப்படியும் 2023ல் மறுபடி போனார்கள். அடுத்தது 2027ல்.

லைட் இல்லையா? கிளம்ப முடியாது!

பிரவேயில் ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. தலையில் ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, இரவில் ஒளி பட்டால் பளிச்சிடும் சட்டை. இவை இல்லாவிட்டால் கிளம்பவே விடமாட்டார்கள்.

காரணம் உண்டு. 2024 பிப்ரவரி 28ந் தேதி விடியற்காலை நவி மும்பையில் அவதார் சைனி என்பவர் நண்பர்களோடு சைக்கிளில் போய்க் கொண்டிருந்தார். வயது 68. இன்டெல் கம்பெனியின் இந்தியத் தலைவராக இருந்தவர். பென்டியம் சிப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர். பின்னால் வந்த வாடகைக் கார் மோதியது. உயிர் போய்விட்டது. ஹெல்மெட் போட்டிருந்தும் பலன் இல்லை.

விளக்கு மாட்டிக்கொள்வது சைக்கிள்காரர் கையில் இருக்கிறது. வேகத்தைக் குறைப்பது கார்காரர் கையில்தான் இருக்கிறது.

கிளப்பில் இல்லாத சைக்கிள்காரர்

அதே சாலையில் அதே நேரத்தில் இன்னும் சிலர் போகிறார்கள். பால் போடுகிறவர், பேப்பர் போடுகிறவர், நைட் டூட்டி முடித்த வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார். இவர்கள் எந்தக் கிளப்பிலும் இல்லை. பலர் வண்டியில் விளக்கும் இல்லை.

அந்தக் காலத்தில் சைக்கிளில் விளக்கு இல்லாமல் வந்தால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். டபுள்ஸ் போனால் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார். டைனமோ விளக்கு ஒரு மரியாதை. பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இன்று அந்தப் பயமும் போச்சு, விளக்கும் போச்சு. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால்கூட கார் வெளிச்சம் பட்டதும் தெரியும்.

தெரிந்துகொள்ளுங்கள்

மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் நஷ்ட ஈடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் உயிர் இழந்தால் 2 லட்சம் ரூபாய், படுகாயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய் என்று மத்திய அரசு திட்டம் இருக்கிறது. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.

அடிபட்டவரைக் கண்டால் 108க்கு போன் செய்யுங்கள். "கோர்ட்டு, கேஸ் என்று இழுப்பார்களே" என்று பயப்பட வேண்டாம். உதவி செய்தவருக்குப் பாதுகாப்புத் தரும்படி மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் திருத்தம் வந்துவிட்டது.

கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களே! விடியற்காலை இருட்டில் முன்னால் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால் காலைக் கொஞ்சம் பிரேக்குக்குக் கொண்டு போங்கள். விளக்கு தெரியாவிட்டாலும் அங்கே ஒரு ஆள் போய்க் கொண்டிருக்கலாம்.