பழங்கார்களைப் புதுக்கும் தொழில்

தமிழ்த் துறை மலரில் மோட்டார் காருக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, பிரதிகளை ஒப்புநோக்கி, மூலபாடம் கண்ட பதிப்பாசிரியர்களைப் போற்றுகின்றவர்கள் நாம். துருவேறிக் கிடக்கும் பழைய காரை, அது ஆலையினின்று வெளிவந்த நாளில் இருந்தவாறே மீட்க முயலும் தொழிலாளியும் அவர்களுக்கு உறவினனே. சிதைந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பாமை இருவருக்கும் பொதுவான ஒழுக்கம்.

மோட்டார்த் தொழில் மதுரைக்குப் புதியதன்று. 1911ஆம் ஆண்டிலேயே டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் நிறுவனத்தை இந்நகரில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது, கரிவாயுவால் வண்டி ஓட்டும் கலங்களை அந்நிறுவனம் செய்தளித்தது. பழுதான உறுப்பைக் கழற்றியெறிந்து புதியது பூட்டுவதே இன்றைய பணிமனைகளின் வழக்கம். தகட்டைத் தட்டி நிமிர்த்தவும், தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்து கொடுக்கவும் அறிந்த மூத்த மிஸ்திரிகள் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் கற்க வேண்டிய காலம் இதுதான்.

எந்தக் காரில் தொடங்குவது? உதிரிப்பாகம் கிடைக்கும் காரில் என்பதே நம் விடை. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்தது, 1489 சி.சி. எஞ்சினுடன் நெடுங்காலம் ஓடியது. 2014இல் உற்பத்தி நின்றது. இதற்குத் தனிச் சேஸிஸ் இல்லை. உடலே எலும்புக்கூடும் ஆதலால், கதவடிப் பகுதி துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே குன்றும். பட்டி பூசி அதை மறைப்பவன் வாங்குபவரின் உயிரோடு விளையாடுகின்றான். 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தனிச் சேஸிஸ் உடையது. பக்கக் காப்புத் தகடுகளோடு பானெட் முழுவதும் முன்புறம் கவிழ்ந்து திறக்கும். மாணவனுக்கு இதைவிட நல்ல பாடநூல் வேறில்லை.

ஸ்பானரிலும் விழிப்பு வேண்டும். போருக்கு முந்திய பிரிட்டிஷ் கார்களுக்கு விட்வொர்த் அளவு. பியட்டுக்கு மெட்ரிக் அளவு. பொருந்தாத ஸ்பானரைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கும். மேலும், பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் இணைப்போர் மின்சாதனங்களைக் கெடுத்துவிடுவர்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வறண்ட காற்றில், கடற்கரை ஊர்களைவிடத் துரு மெதுவாகவே ஏறும். ஆனால் வெயிலில் ரப்பர் வெடிக்கும். கொட்டகையில் நின்ற காரின் வயர்களை எலி விட்டுவைப்பதில்லை.

பயிற்சிக்கு, ஐ.டி.ஐ.யின் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பு நல்ல அடித்தளம். மதுரையில் கோ.புதூரில் அரசு நிலையம் உள்ளது. அதன்பின் டிங்கரிங் பட்டறையில் ஈராண்டேனும் கைகட்டி நின்று கற்றல் நலம். கழற்றுமுன் படமெடுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சீட்டு கட்டி வைக்கும் பழக்கம் அங்கே வாய்ப்பதரிது. அதை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

வருமானம் பற்றி மழுப்பாமல் கூறுவோம். ஒரு காரைப் புதுக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் பணம் தீர்ந்த உரிமையாளர், காரைப் பட்டறையிலேயே விட்டுச் செல்வதும் உண்டு. எனவே வேலையைப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்பணமும் எழுத்தொப்பந்தமும் பெறுவது முறை. தொடக்கத்தில் சாதாரண வண்டிகளைப் பழுதுபார்த்தே அன்றாடச் செலவை ஈடுகட்ட நேரும். மகனை அனுப்பும் பெற்றோரும் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

2021இல் வந்த மத்திய அரசு விதியின்படி, முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்து, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியலாம். முன்பே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆதலின் வேறு எஞ்சினைப் பொருத்துமுன் நூறுமுறை எண்ணுக. சேஸிஸ் எண்ணும் பதிவேடும் ஒத்திராத காரில் கைவைக்கவே கூடாது.

கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை கண்டுவருக. பின்னர், முழுக் காருக்கு அவசரப்படாமல் ஒரு பழைய கதவை மட்டும் வாங்குக. கீலும் கண்ணாடி ஏற்றும் பொறியும் தகடும் வண்ணமும் அதிலேயே அடங்கும். கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை அடைபட்டதால் துருவேறிய கதவுகள் ஏராளம். புதுவண்ணம் பூசுகையில் அத்துளைகளை மீண்டும் அடைத்துவிடாதீர்.