ஒரு ஏரி போதும்

மலைக்கு ஒருநாள் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் தயாராவது பட்டியல்தான். கொடைக்கானல் என்றால் வெள்ளி நீர்வீழ்ச்சி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறைகள், பைன் காடு, குணா குகை, நேரமிருந்தால் ஏரி. ஏற்காடு என்றால் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி, போகிற போக்கில் ஏரி. வேன் ஓட்டுநருக்கும் இந்த வரிசை மனப்பாடம். கல்லூரி நண்பர்கள் கூட்டமாகப் போனால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டியில் ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை இருந்தால் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிவிடுவதுதான் நல்லது. ஏரியை முதலில் எழுதிவிட்டு மற்றதையெல்லாம் அடித்துவிடலாம். எந்த ஏரி என்பதையும் ஊரின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அங்கே போய்ச்சேர மலைச்சாலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர்; நிற்காமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் ஒருமுறை வாந்தி, ஒருமுறை டீ என்று நிறுத்தினால் மேலே போய்ச்சேரப் பத்தாகிவிடும். இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டுமென்றால் மூன்று மணிக்காவது கிளம்ப வேண்டும். கையில் இருப்பது ஐந்து மணி நேரம். அதில் சாப்பாடு ஒரு மணி நேரம், குழந்தையின் பகல் தூக்கம் ஒரு மணி நேரம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒருநாளில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. விடியற்காலையில் எழுப்பிவிட்ட குழந்தை அந்தக் கடனைப் பகலில் எப்படியும் வசூலித்துவிடும். மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்தை ஆறு இடங்களுக்குப் பங்கு போட்டால், குழந்தைக்குக் கிடைப்பது ஆறுமுறை செருப்பு மாட்டி இறங்குவதும் ஆறுமுறை அழுதுகொண்டு ஏறுவதும்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஒரு மணி நேரம். ஏலகிரிக்கு வளைவுகள் பதினான்குதான். அடிவாரத்துக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். மேலே புங்கனூர் ஏரி இருக்கிறது. இந்த இரண்டிலும் அதே ஒருநாளில் ஏரிக்கரையில் மட்டுமே ஐந்து, ஆறு மணி நேரம் கிடைக்கும். ஊட்டி மலை ரயிலில் குழந்தையை ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டரை அது ஏறி முடிக்க ஐந்து மணி நேரத்தை நெருங்கும். அழகான ரயில்தான், 2005-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னமும் ஆனது. ஆனால் ஒருநாள் பயணத்துக்கு உரியது அல்ல.

மலைச்சாலையின் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு உடம்பே பதில் சொல்லும். பயண வாந்தி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். வளைவில் வண்டி திரும்பும்போது உடம்பு ஆடுவதை உட்காது உணர்கிறது. பின்சீட்டில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கோ முன்சீட்டின் முதுகு மட்டும் அசையாமல் தெரிகிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பிக் குமட்டல் வருகிறது. அழாமல் இருக்கட்டும் என்று நாம் கையில் கொடுக்கும் செல்போன் இந்தக் குழப்பத்தை இரட்டிப்பாக்கும். குழந்தையைச் சற்று உயர்த்தி உட்காரவைத்து, கண்ணாடி வழியே தூரத்து மலையைப் பார்க்கச் செய்வதுதான் எளிய மருந்து. கிளம்புவதற்கு முன் பூரி, வடை வேண்டாம். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் உதவாது. மருந்து கொடுப்பதானால் குழந்தையின் மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்; வாந்திக்கென்று கடையில் கிடைக்கும் சில மருந்துகள் இரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாதவை. மடியில் வைத்துக்கொண்டால் குழந்தை பத்திரம் என்று நினைப்பதும் தவறு. திடீரென்று பிரேக் அடித்தால் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. வாடகை வண்டி பேசும்போதே பின்சீட்டில் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

உயரத்தைப் பற்றிப் பாட்டிமார்களுக்கு உள்ள பயம் பெரும்பாலும் வேண்டாத பயம். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொல்லை தரும். ஊட்டியும் கொடைக்கானலும் அதற்குக் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஏலகிரி சுமார் 1,100. கவனிக்க வேண்டியவை வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பதால், மதுரை வெயிலுக்குப் போட்ட பனியனோடு கொடைக்கானலில் இறங்கும் குழந்தை நடுங்கும். அதே ஆயிரம் மீட்டருக்குச் சூரியனின் புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தொப்பி இல்லாமல் விட்டால் மாலையில் கன்னம் சிவந்து எரியும். இறங்கும்போது காது அடைக்கும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். சளி பிடித்திருக்கும் குழந்தைக்கு இந்த அடைப்பு வலியாக மாறும். அப்படியானால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதே மேல்.

சரி, நாள் முழுக்க ஒரே ஏரிக்கரையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தங்கள் அலுப்பைப் பிள்ளைகள் மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்றே தோன்றுகிறது. வியூ பாயின்ட் என்பது பெரியவர்களின் கண்ணுக்காக அமைந்தது. கம்பிக்குப் பின்னால் அசையாமல் நின்று, பத்து மைல் தள்ளி இருப்பதை ரசிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு உலகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கூழாங்கல், இலை, எறும்பு வரிசை, தண்ணீரில் வாய் பிளக்கும் மீன், வட்டம் வட்டமாக விரியும் அலை. ஏரிக்கரையில் இதெல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது, அதுவும் திரும்பத் திரும்ப. ஒரே விளையாட்டை நாற்பது தடவை ஆடும் வயது அது. அலுத்தாலும் வண்டியேற வேண்டியதில்லை: ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்திலேயே அண்ணா பூங்கா, கொடைக்கானலில் ஏரியை அடுத்தே பிரையன்ட் பூங்கா. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். எட்டு வயது அண்ணன் வாடகை சைக்கிளில் அப்பாவோடு ஒரு சுற்று வருவதற்குள் தம்பி புல்தரையில் விரித்த ஜமுக்காளத்தில் தூங்கி எழுந்துவிடுவான். வேறுவேறு வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் இப்படி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்துகொள்ள ஏரிக்கரை இடம் தரும், செங்குத்துப் படிகளில் இறங்க வேண்டிய கிளியூர் அருவி தராது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: ஏரி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் ஆபத்து, பிள்ளைகளோடு அங்கே அரைமணிக்கு மேல் ஏன் இருக்க வேண்டும்? ஆபத்து உண்மைதான். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம் மலை ஏரிகள் பலவும் மனிதர் தேக்கியவை. ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் முயற்சியிலும், கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியிலும் உருவானவை. ஓரத்தில் சேறும் களையும் படிந்திருக்கும் இவற்றில் கால் வைத்தால் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஊட்டி ஏரியில் ஊர்க் கழிவுநீர் கலப்பது நெடுநாள் புகார் என்பதால், அங்கே குழந்தையின் கை தண்ணீருக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஆனால் இந்த ஆபத்து அவசரத்தில்தான் கூடும். அரைமணி நேரத்தில் டிக்கெட், படகு, போட்டோ, ஐஸ்கிரீம் எல்லாம் முடிக்க வேண்டும் என்று எட்டுப் பேர் பரபரக்கும்போது, குழந்தையை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம்: இந்த அரைமணி நேரம் சித்தப்பா, அடுத்த அரைமணி அத்தை. முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது. கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படகு விஷயத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே கூட்டம் நிரம்பிய படகில் இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டாம், அடுத்த படகு வரும். லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவில் இருக்க வேண்டும். மாட்டி, பட்டையை இறுக்கிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; ஜாக்கெட் மட்டும் காது வரை ஏறி வந்தால் அது பெரியவர்களுக்கானது, தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். சரியான அளவு இல்லை என்று சொன்னால் படகைக் கரையிலிருந்தே வேடிக்கை பார்க்கலாம். கைக்குழந்தைக்கு ஜாக்கெட் சரியாகப் பொருந்துவது அரிது, அது கரையிலேயே இருக்கட்டும்.

பணக் கணக்கும் வரும். வேன் வாடகை, டோல், டீசல் எல்லாம் கொடுத்துவிட்டு ஒரு ஏரியை மட்டும் பார்த்துத் திரும்புவதா என்று தாத்தா கேட்பார். கொடுத்த பணத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி. எத்தனை நல்ல மணி நேரம் என்று பார்த்தால் சரியில்லை. நுழைவுச்சீட்டு, பார்க்கிங், இடத்துக்கு இடம் சோளமும் பஜ்ஜியும் என்று பட்டியல் நீள நீளச் செலவும் ஏறுகிறது. ஒருநாள் தங்கிவிட்டால் எல்லாம் பார்க்கலாமே என்பதும் நியாயமான யோசனை, வசதி இருப்பவர்கள் அப்படியே செய்யலாம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அதுதான் சரியான வழி. ஒருநாள்தான் லீவு, ஒருநாள்தான் பணம் என்ற குடும்பங்களுக்குப் பக்கத்து மலை.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் மே மாத மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அப்படி வரம்பு கட்ட வேண்டிய அளவுக்குக் கூட்டம் ஏறும் சாலையில், நெரிசலில் சிக்கி முதலில் பொறுமை இழப்பது குழந்தைதான். மழைக்காலத்தில் மண்சரிவு, பனிமூட்டம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள ஏதாவது ஒரு சனிக்கிழமை நல்லது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக்குக்கு மலையில் கெடுபிடி அதிகம். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் போதும், ஆனால் குரங்கு இருக்கும் இடத்தில் குழந்தையின் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். மாற்றுத்துணி இரண்டு செட், ஸ்வெட்டர், தொப்பி, வாந்திக்குக் காகிதப் பைகள். வண்டி பேசும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: போவது ஒரு ஏரிக்கு மட்டும், மாலை நான்கு மணிக்கு இறங்க ஆரம்பித்துவிட வேண்டும், வழியில் எந்த பாயின்ட்டும் வேண்டாம்.