உலக அரங்கில் ஒரு சோழக் கற்றளி

கலைச் சாதனைக்கான உலக அங்கீகாரம் நம் மண்ணுக்கும் கிடைத்திருக்கிறது, நேயர்களே! ஜெயங்கொண்டம் அருகேயுள்ள கங்கைகொண்ட சோழபுரம் பிரகதீஸ்வரர் கோயில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். தஞ்சைப் பெரிய கோயில் 1987-லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலும் தாராசுரம் கோயிலும் சேர்ந்தது 2004-இல். அப்போது கங்கைகொண்ட சோழபுரம் பெரம்பலூர் மாவட்டம். 2007 முதல் அரியலூர் மாவட்டம். ஆகவே பெருமை இரு மாவட்டத்துக்கும் உரியது.

முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய இந்தக் கோயிலின் விமானம், தஞ்சை விமானத்தைப் போல நேர்கோட்டில் உயராமல் மெல்ல வளைந்து எழுகிறது. சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பமோ சோழர் கலையின் உச்சம்! தன் அடியார் சண்டேசரின் தலையில் சிவபெருமானே மாலை சூட்டுகிறார். அந்த விரல்களின் பரிவைக் கல்லில் கொண்டுவந்த சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது. இச்சிற்பம் கோயிலின் வடக்கு வாயிலருகே இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.