கிளினிக்கை மூடினாலும் பொறுப்பு மூடுவதில்லை

பல ஆண்டுகள் கிளினிக் நடத்திய மருத்துவர் வயது முதிர்ந்து அதை மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை இடத்தைக் காலி செய்கிறோம், ஊழியர்களுக்குக் கணக்கு முடிக்கிறோம். "இனி எதற்கு?" என்று ஆண்டுதோறும் கட்டி வந்த தொழில் பொறுப்புக் காப்பீட்டையும் நிறுத்திவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வாகனக் காப்பீட்டில், விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மருத்துவர்கள் எடுக்கும் புரொஃபெஷனல் இன்டெம்னிட்டி பாலிசி பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளில் அது நடப்பில் இருக்க வேண்டும். சிகிச்சை அளித்த நாளும் பாலிசியில் குறிக்கப்பட்ட முன்தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதனால் 20 ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டியவருக்குக்கூட, பாலிசி முடிந்த மறுமாதம் வரும் நோட்டீஸுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம்.

நோட்டீஸ் எவ்வளவு காலம் கழித்து வரக்கூடும்? கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தையும் ஆணையம் மன்னிக்கலாம். சிறுவருக்கு அளித்த சிகிச்சை என்றால், சிவில் வழக்குக்கான காலக்கெடு அவருக்கு 18 வயது நிறைந்த பிறகே ஓடத் தொடங்கலாம்.

ஒரு வழக்கைப் பார்ப்போம். 1993-ல் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணிப்பஞ்சு இருந்தது 2002-ல் தெரியவந்தது. 2004-ல் அவர் புகார் செய்தார். வலி இருந்தும் ஆண்டுக்கணக்கில் உரிய பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்று கூறி, காலம் கடந்த புகார் என 2010-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மருத்துவருக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனாலும், தான் செய்த அறுவை சிகிச்சைக்கு 17 ஆண்டுகள் கழித்தும் அவர் நீதிமன்றத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றி பெறும் வழக்குக்கும் வக்கீல் கட்டணம் உண்டு.

இதற்காகவே 'ரன்-ஆஃப்' எனும் தொடர் பாதுகாப்பு இருக்கிறது. தொழிலை நிறுத்திய பிறகு, முன்பு செய்த பணிக்காக வரும் கோரிக்கைகளை மட்டும் அது ஏற்கும். புதிய பணிக்குப் பொருந்தாது. ஆடிட்டர்கள், கட்டடப் பொறியாளர்கள், வக்கீல்களுக்கும் இதே நிலைதான்.

மூடுவதற்கு முன் நாம் செய்ய வேண்டியவை:

1. பாலிசி முடியும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்: தொடர் பாதுகாப்பு உண்டா, எத்தனை ஆண்டு, முன்தேதி மாறாமல் இருக்குமா? இடைவெளி விழுந்தால் பழைய முன்தேதியை இழக்க நேரலாம்.

2. பிரச்சினையாகக்கூடிய சம்பவம் ஏதேனும் தெரிந்திருந்தால், பாலிசி நடப்பில் இருக்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.

3. கிளினிக்கை விற்பதானால், பழைய சிகிச்சைகளுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

4. உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அது குறைந்தபட்சம்தான். சிகிச்சைக் குறிப்பும் ஒப்புதல் படிவமும் இல்லாவிட்டால் நம் பக்க நியாயத்தை நிரூபிப்பது கடினம். பழைய பாலிசிகளையும் சேர்த்து வையுங்கள். எங்கே இருக்கின்றன என்பது வீட்டாருக்குத் தெரியட்டும்.

காப்பீடு மார்க்க அடிப்படையில் கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நம்பகமான ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் காப்பீடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நோயாளிக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய கடமை கிளினிக்கின் பெயர்ப்பலகையோடு இறங்கிவிடாது. ஆவணங்களைப் பத்திரப்படுத்துவதும், வரக்கூடிய பொறுப்புக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும் நம்மிடம் உள்ள அமானிதம்.